ஏலியின் மௌனம் நமக்கு வேண்டாம்

கிறிஸ்து பிறப்புக்கு அடுத்த ஞாயிறன்று திருக்குடும்ப விழாவைக் கொண்டாடுகிறோம். அன்று குடும்ப வாழ்வின் மேன்மையைப் பற்றி மறையுரை ஆற்றுகிறோம், தம்பதியரை ஆசீர்வதிக்கிறோம், திருப்பலியின் முடிவில் ஒருசிலர் சான்று பகர்கின்றனர். கொரோனாவுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அச்சான்றுகளில் ஒரு கருத்து தவறாமல் இடம்பெறுகிறது. ஊரடங்குக் காலத்தில்தான் தங்கள் குடும்பம் உண்மையிலேயே குடும்பமாக வாழ்ந்தது, ஒன்றாக உண்டது, ஒன்றாகச் செபமாலை சொன்னது என்பதே அக்கருத்து. கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் மகிழ்ந்து தலையசைக்கிறோம்.

அவ்வாறு கூறுவோர் பொய் கூறவில்லை. பல இல்லங்களில் அது அருளின் காலமாகவே இருந்தது. ஆனால், அதே கிறிஸ்து பிறப்பு எண்கிழமையில் இன்னொரு விழாவும் வருகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோதின் வாளுக்குப் பலியான பெத்லகேம் மழலையரின் நினைவு அது. டிசம்பர் 28 ஞாயிறாக அமையும் ஆண்டுகளில் திருக்குடும்ப விழாவே கொண்டாடப்படும். குழந்தைகளின் விழா அவ்வாண்டு விடுபட்டுப்போகும். வழிபாட்டு ஒழுங்கில் இது முறையே. குறை சொல்வதற்கில்லை. ஆனால், வாழ்க்கை ஒழுங்கிலும் இதையே நாம் செய்துவிட்டோம். குடும்பத்தைப் புகழும் ஆர்வத்தில் குடும்பத்துக்குள் துன்புற்ற குழந்தைகளை மறந்துவிட்டோம். இக்கட்டுரையின் வழக்கு இதுதான். 'நாம்' என்று இங்கே கூறும்போது முதலில் எழுதுபவரையே குறிக்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

எண்ணிக்கை குறைந்தது, துன்பம் குறைந்ததா?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பொள்ளாச்சிச் சந்தை கூடவில்லை. தென்னை நார் ஆலைகளும் பஞ்சாலைகளும் நின்றன. பாலக்காட்டு எல்லையில் தடுப்புகள் எழுந்தன. ஊரே வெறிச்சோடியபோது, வீட்டுக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று அரசு சொன்னது, மருத்துவர்கள் சொன்னார்கள், நாமும் சொன்னோம். நோயைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரைதான். ஆனால், வீடே ஆபத்தான இடமாக இருக்கும் குழந்தைக்கு நாம் என்ன சொன்னோம்? ஒன்றும் சொல்லவில்லை.

அக்குழந்தைகள் சொன்னார்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணாகிய 1098க்கு அந்த மார்ச் 20 முதல் 31 வரை ஏறத்தாழ 3 லட்சத்து 7 ஆயிரம் அழைப்புகள் வந்தன என்றும், அவற்றுள் 92,105 அழைப்புகள் வன்முறையிலிருந்தும் கொடுமையிலிருந்தும் காக்குமாறு வேண்டியவை என்றும் அவ்வமைப்பின் துணை இயக்குநர் அப்போது தெரிவித்தார். சில நாள்களுக்குள் இத்தனை அழைப்புகள்! அவ்வேளையில் நாம் எதில் மும்முரமாக இருந்தோம்? திருப்பலியை யூடியூபில் ஒளிபரப்புவது எப்படி என்பதில். அதுவும் தேவையான பணிதான். ஆயினும், ஒளிபரப்பைக் கண்ட வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று அறிய நாம் முயன்றதுண்டா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் வியப்பான செய்தியொன்று கிடைக்கும். நாட்டில் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 2019இல் ஏறத்தாழ 1 லட்சத்து 48 ஆயிரம். ஊரடங்கு ஆண்டாகிய 2020இல் அவை 1,28,531ஆகக் குறைந்தன. 2021இல் மீண்டும் 1,49,404ஆக உயர்ந்தன. இவ்வெண்களை மேலோட்டமாகப் பார்ப்பவர், வீட்டுக்குள் இருந்த ஆண்டில் குழந்தைகள் பாதுகாப்பாக இருந்தனர் என்று முடிவு கட்டக்கூடும். அது பிழையான முடிவு. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் குற்றம் சாட்டப்படுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் அக்குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்று அதே ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர். அறிமுகமானவரோடு அடைபட்டுக் கிடந்த ஆண்டில் குற்றம் குறைந்திருக்க வழியில்லை. குறைந்தது குற்றமன்று, அதைக் கண்டு சொல்லக்கூடிய கண்களே குறைந்தன.

அக்கண்கள் யாருடையவை? பெரும்பாலும் ஆசிரியருடையவை. வகுப்பில் வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்திருக்கும் மாணவியை முதலில் கவனிப்பவர் வகுப்பாசிரியை. முதுகில் தழும்பைக் காண்பவர் விளையாட்டு ஆசிரியர். மதியம் இரண்டாம் முறை சோறு கேட்கும் சிறுவனின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிபவர் சத்துணவு ஆயா. பள்ளிக்கூடம் எழுத்தறிவிக்கும் இடம் மட்டுமன்று. ஏழைக் குழந்தைக்கு அது உண்ணும் தட்டு, ஓடி ஒளியும் நிழல், குறைகேட்கும் செவி. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் சாத்திவிட்டு, கைப்பேசி வழியாகப் பாடம் நடக்கிறது என்று நாம் மனநிறைவு அடைந்தோம். அந்தக் கைப்பேசியும் ஆபத்தின்றி இருக்கவில்லை. 2021இல் சென்னையில் இணைய வகுப்பில் ஆசிரியர் ஒருவரின் தகாத நடத்தை வெளிவந்த பிறகே, இத்தகைய வகுப்புகளுக்கு நெறிமுறைகள் வேண்டும் என்பது அரசுக்கும் நமக்கும் உறைத்தது. அவ்வாண்டு நவம்பரில் கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக ஆசிரியர் ஒருவரும், அறிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று பள்ளி முதல்வரும் கைதானார்கள். அந்த மாணவிக்குச் செவிகொடுக்க வேண்டியவர்கள் அருகிலேயே இருந்தும், அவருடைய குரல் உரிய நேரத்தில் உரிய இடத்தை எட்டவில்லை.

எதை முதலில் திறந்தோம்?

ஒரு சமுதாயம் எதை மதிக்கிறது என்பதை, கதவுகள் எல்லாம் மூடிய பின் எதை முதலில் திறக்கிறது என்பதைக் கொண்டு அறியலாம். தமிழகத்தில் மதுக்கடைகள் 2020 மே 7 அன்று திறந்தன. நீதிமன்றத் தடையால் மறுநாளே மூட நேர்ந்தது; உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைக்கவே மே 16 அன்று மீண்டும் திறந்தன. வழிபாட்டுத் தலங்கள் எல்லா இடங்களிலும் 2020 செப்டம்பர் 1 முதல் திறந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று! மதுக்கடை இரண்டு மாதம்கூட மூடியிருக்கவில்லை. ஆலயம் ஐந்து மாதங்கள் மூடியிருந்தது. தொடக்கப் பள்ளி ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் மூடிக் கிடந்தது.

நோய்த்தொற்றின் அச்சத்தையும், முடிவெடுத்தோரின் இக்கட்டையும் நாம் மறுக்கவில்லை. 2021 மே மாதத்தில் கோவை மாவட்டம் பட்ட பாட்டை மறந்தவர் எவருமில்லை. ஆனால், வேலையிழந்த தந்தைக்குக் குடிக்க வழி செய்துவிட்டு, அவருடைய கைக்கு எட்டும் தொலைவிலேயே பிள்ளைகளைப் பத்தொன்பது மாதங்கள் விட்டுவைத்தோமே, அதை எவர் தட்டிக்கேட்டோம்? ஆலயங்களைத் திறக்க வேண்டும் என்று வாய்ப்புக் கிடைத்த போதெல்லாம் பேசினோம். பள்ளிகளைத் திறக்கவேண்டும் என்றோ, திறக்க இயலாத காலத்தில் குழந்தைகளைச் சென்று காணும் வழி வகுக்க வேண்டும் என்றோ அந்த அளவுக்கு நாம் பேசவில்லை. வீடு தேடிச் செல்லும் எண்ணம் அரசுக்கே 2021 அக்டோபர் 27 அன்றுதான் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டமாக வடிவம் பெற்றது. இல்லம் தேடிச் செல்வது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய செயலா? வீடு மந்திரிப்பதற்கும் நோயில்பூசுதலுக்கும் காலங்காலமாக இல்லம் தேடிச் செல்பவர்கள் அல்லவா நாம்?

இடைப்பட்ட காலத்தில் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. பொள்ளாச்சியையும் ஆனைமலையையும் சுற்றியுள்ள சிற்றூர்களில் பள்ளிச் சீருடை வயதுப் பிள்ளைகள் தேங்காய் பொறுக்கவும், நார் உலர்த்தவும், செங்கல் அடுக்கவும் சென்றதை நாமே கண்டோம். பஞ்சாலை நம் கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டி ஏழைச் சிறுமியரை ஆலை விடுதிகளில் அடைத்த 'சுமங்கலித் திட்டம்' என்னும் கொடுமையும் புதிதன்று. 2021 ஜூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃப்பும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் 16 கோடிக் குழந்தைகள் உழைப்பில் ஈடுபட்டுள்ளனர் என்றும், இருபது ஆண்டுகளில் முதன்முறையாக அவ்வெண் ஏறியுள்ளது என்றும் கூறியது. அந்தக் கணக்கும் பெருந்தொற்றின் தொடக்கம் வரையிலானதே. அதன்பின் பள்ளிகள் மூடிக் கிடந்தது இக்கொடுமையை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்பதை வாசகரே உய்த்துணரலாம்.

அதே ஜூன் மாதத்தின் இறுதியில் மதுரையில் ஒரு காப்பகத்தைப் பற்றிய செய்தி வெளியானது. அங்கிருந்த ஓர் ஆண் குழந்தை கொரோனாவால் இறந்து அடக்கம் செய்யப்பட்டதாகப் போலி ஆவணம் காட்டப்பட்டது. விசாரித்தபோது அக்குழந்தை உயிரோடு விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது; வேறொரு குழந்தையும் அவ்வாறே மீட்கப்பட்டது. கொள்ளைநோயின் இருட்டில் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம் என்ற துணிவுக்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

நம் கைக்கு எட்டியது

பிறரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. இனி நம் கதைக்கு வருவோம்.

2020ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை நம் இல்லத்துக்கு வந்தார். கூலித் தொழிலாளி, மாதக்கணக்கில் வேலையில்லை. தம் மகளின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றார். எதற்கென்று கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, நல்ல எடம் வந்திருக்குதுங்க. இப்பப் பண்ணீட்டா அம்பது பேரோட முடிஞ்சிருமுங்க. பள்ளிக்கூடமும் இல்லீங்க, புள்ளையை எத்தனை நாளைக்கு ஊட்டுல வெச்சுட்டு இருக்கறதுங்க?" பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். அச்சிறுமிக்கு அப்போது பதினைந்து வயது நிறைந்திருந்தது.

நாம் மறுத்தோம். திருமுழுக்குப் பதிவேடு வயதுக்குச் சான்று. அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டோம் என்றோம். நாட்டின் சட்டம் ஏற்காத திருமணத்தை ஆயரின் அனுமதியின்றி நடத்தி வைப்பதைத் திருச்சபைச் சட்டத்தின் 1071ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும், உரிய வயதுக்கு முன் மணமுடிப்பதிலிருந்து இளையோரை விலக்குவது ஆன்ம மேய்ப்பரின் கடமை என்று 1072ஆம் பிரிவு சொல்வதையும் குருத்துவக் கல்லூரியில் படித்த நினைவு இருந்தது. அதை எளிய சொற்களில் அவருக்கு விளக்கினோம். அவர் கைகூப்பிவிட்டுப் போனார். நாம் பதிவேட்டை மூடி வைத்தோம். கடமை முடிந்தது என்று எண்ணினோம்.

இரு வாரங்கள் கழித்து, வேற்றூரில் உறவினர் வீட்டில் விடியுமுன் தாலி கட்டி முடித்துவிட்டனர் என்று கேள்விப்பட்டோம். அச்சிறுமி நம் மறைக்கல்வி வகுப்பில் முன்வரிசையில் அமர்பவள். பின்னர் அவளை ஒருமுறை ஆலய வாயிலில் கண்டோம். கையில் குழந்தை இருந்தது. நம்மைக் கண்டதும் தலை குனிந்தாள். குனிந்திருக்க வேண்டிய தலை அவளுடையதன்று.

அந்தத் தந்தை கைகூப்பிச் சென்ற அன்றே நாம் 1098ஐ அழைத்திருக்கலாம். குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகிய மாவட்டச் சமூக நல அலுவலருக்குச் சொல்லியிருக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினரைக் கொண்டு அக்குடும்பத்துக்கு மூன்று மாத அரிசிக்கு வழி செய்திருக்கலாம். அவளுடைய ஆசிரியையை வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை. நம் பதிவேடு கறைபடாமல் இருந்தது. அவளுடைய படிப்பு நின்றது. பிலாத்து கை கழுவிய கதையைப் பாடுகளின் வாசகத்தில் கேட்பவர்கள் நாம். நாமும் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நம் கைகளைக் கழுவிக்கொண்டோம்.

இது நம் பங்கில் மட்டும் நிகழ்ந்ததன்று. குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் கீழ் 2019இல் நாட்டில் 523 வழக்குகள் பதிவாயின, 2020இல் 785. அவற்றுள் தமிழகத்தில் மட்டும் 77. பதிவானவை இவை. நம் பங்குச் சிறுமியின் திருமணம் இவற்றுள் சேராது. ஏனெனில் அறிந்திருந்த நாமே சொல்லவில்லை.

மூன்று சாக்குகள்

நாம் ஏன் சொல்வதில்லை? பங்குகளில் பலமுறை கேட்டதும் நாமே சொல்லிக்கொண்டதுமான மூன்று சாக்குகள் உள்ளன.

முதலாவது: 'இது குடும்ப விவகாரம், குடும்பம் புனிதமானது.' குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது உண்மையே. எனவேதான் இந்தச் சாக்கு செல்லாது. திருச்சபைக்குள் நிகழும் கொடுமையை மறைக்கலாகாது என்றால், இல்லத் திருச்சபைக்குள் நிகழ்வதை மட்டும் எப்படி மறைப்பது? குடும்பத்தின் புனிதம் கதவின் தாழ்ப்பாளில் இல்லை. உள்ளே இருக்கும் மிகச் சிறியவர் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதில் இருக்கிறது. குழந்தைகளைத் தம்மிடம் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது இயேசு சினங்கொண்டார் என்று மாற்கு எழுதுகிறார். அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் தடுத்தார்கள்.

இதன் கிளையாக இன்னொன்றும் உண்டு. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை வைத்துக்கொண்டு, அடிப்பதெல்லாம் வளர்ப்பு என்று வாதிடுவது. மாட்டைக்கூடப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டி வருபவர் தழும்பு தெரிய அடிக்கமாட்டார். விலை போகாது என்று அவருக்குத் தெரியும். குழந்தைக்கு விலை இல்லை என்பதாலா இத்தனை அடி? ஊரடங்கில் விழுந்த அடிகளில் பல, குழந்தை செய்த பிழைக்காக விழுந்தவை அல்ல; வட்டிக் கடனுக்காகவும் வேலையின்மைக்காகவும் குடிவெறிக்காகவும் விழுந்தவை. அதைக் கண்டிப்பு என்று அழைப்பது கண்டிப்பையே இழிவுபடுத்துவது.

இரண்டாவது: 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், பெண்பிள்ளையின் எதிர்காலம் கெடும்.' இந்தச் சாக்கைப் பற்றிப் பொள்ளாச்சிக்காரர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2019இல் நம் ஊரின் பெயர் நாடெங்கும் ஒலித்தபோது நாம் எதற்காக வெட்கப்பட்டோம்? இளம் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் மிரட்டப்பட்டதற்காகவா? அல்லது ஊர்ப்பெயர் கெட்டதற்காகவா? துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டவர்கள், அதைக் காக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர்களே. அதைக் கண்ட பின் வேறு யார் துணிவார்? ஆயினும் துணிந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் சிறை விதித்தது. சாட்சிகள் ஒருவரும் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கூறினார். பொள்ளாச்சியின் மானத்தைக் காத்தவர்கள் மூடி மறைத்தவர்கள் அல்லர், பேசிய அப்பெண்களே. குழந்தைகளைப் பொறுத்தவரை, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆகவே காவல் நிலையத்துக்குச் சொல்வதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றல்ல. ஊருக்குச் சொல்லாதிருப்போம், உரியவருக்குச் சொல்லாமல் இருக்க வேண்டாம்.

மூன்றாவது: 'பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துக்கொள்ளலாம், ஒருவேளை குழந்தை பொய் சொல்லியிருந்தால்?' அதை விசாரித்து அறிவது ஊர்ப் பெரியவரின் வேலையன்று. பங்குத் தந்தையின் வேலையும் அன்று. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருப்பதையோ ஆளாகக்கூடும் என்பதையோ அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவருக்கோ சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. கூடிப் பேசி முடிக்கும் பெரியவர்கள் எதை முடிக்கிறார்கள்? குற்றவாளியின் அச்சத்தை. குழந்தையின் அச்சம் அன்றுதான் தொடங்குகிறது.

இங்கே நம் குருக்களுக்கு ஒரு சொல். ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை மீறலாகாதது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அலுவலக அறையிலும் தேநீர் வேளையிலும் தொலைபேசியிலும் கேட்டவற்றை அம்முத்திரையின் போர்வையில் மறைக்க நமக்கு உரிமை இல்லை. திருச்சபையே இதில் தன் பழைய வழியை மாற்றிக்கொண்டுள்ளது. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட விதிகள், இத்தகைய குற்றங்களை அறியும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கின. அவ்வாண்டு டிசம்பரில் இவ்வழக்குகளுக்கான பாப்பிறை இரகசியம் நீக்கப்பட்டது. 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய தண்டனைச் சட்டம், சிறாருக்கு எதிரான குற்றத்தை மனித உயிருக்கும் மாண்புக்கும் சுதந்திரத்துக்கும் எதிரான குற்றங்களின் வரிசையில் வைத்தது. முன்பு அது குருக்களின் சிறப்புக் கடமைகளுக்கு எதிரான குற்றங்களோடு வைக்கப்பட்டிருந்தது. இந்த இடமாற்றத்தின் பொருள் ஆழமானது. காயப்பட்டது குருத்துவத்தின் பெருமை மட்டுமன்று. முதலில் காயப்பட்டது குழந்தை. உலகெங்கும் பல மறைமாவட்டங்கள் இதை உணர்வதற்குள் எத்தனை குழந்தைப் பருவங்கள் பறிபோயின! அந்தத் தவற்றிலிருந்து நாம் கற்கவேண்டாமா?

ஏலியும் சிறுவன் சாமுவேலும்

சாமுவேல் முதல் நூலின் இரண்டாம் மூன்றாம் அதிகாரங்களை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம். ஏலி தீய குரு அல்லர். தம் புதல்வர் செய்த கொடுமைகளைக் கேட்டு வருந்தினார். அவர்களைக் கடிந்தும் பேசினார். ஆனால், தடுக்கவில்லை. கடவுள் அவர்மேல் சுமத்திய குற்றம் அதுதான்: அறிந்திருந்தும் தடுக்கவில்லை. நாமும் கடிந்து பேசுகிறோம், மறையுரையில் கண்டிக்கிறோம், சான்றிதழை மறுக்கிறோம். தடுப்பதில்லை.

ஆனால், ஏலியிடம் நாம் கற்கவேண்டிய நன்மையும் ஒன்றுண்டு. கடவுள் அன்றிரவு பேசியது முதிய குருவோடு அன்று. ஆலயத்தில் உறங்கிய சிறுவனோடு. கேட்டதைச் சொல்லச் சிறுவன் அஞ்சினான். ஏனெனில் அது பெரியவருக்கு எதிரான செய்தி. ஏலி அவனை அதட்டவில்லை; பொய் என்று தள்ளவில்லை; யாரிடமும் சொல்லாதே என்று வாயை மூடவில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்தினார். தமக்கு எதிரான அச்சொல்லை ஆண்டவரின் சொல்லாகவே ஏற்றார். அஞ்சும் குழந்தையைச் சொல்ல விடுவதும், சொன்னதை நம்புவதும் ஆலயத்துக்குரிய பணி என்பதற்கு இதைவிடப் பழமையான சான்று நமக்கு வேண்டியதில்லை.

அடுத்த கதவு மூடுவதற்குள்

கொள்ளைநோய் நம் மண்ணுக்குப் புதிதன்று. கோவையில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் கோயில்கள் இன்றும் உள்ளன. நூறாண்டுகளுக்கு முன் அந்நகரை உலுக்கிய நோயின் நினைவு அவற்றில் வாழ்கிறது. நம் முன்னோர் தம் அச்சத்தைக் கல்லில் நிறுத்திச் சென்றனர். நாம் எதை விட்டுச்செல்லப் போகிறோம்? நோய் மீண்டும் வரலாம். வெள்ளமோ வறட்சியோ வரலாம். பள்ளிகள் மீண்டும் மூடலாம். அப்போது ஒவ்வொரு பங்கும் செய்யக்கூடியவற்றை இப்போதே முடிவு செய்வோம்.

ஒவ்வோர் அன்பியத்திலும் எத்தனை குழந்தைகள், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்ற கணக்கு இருக்கட்டும். வரிக்கணக்கு வைத்திருக்கும் நமக்கு இது இயலாததன்று. நார் ஆலைகளுக்கு வந்துள்ள அசாம், பீகார், ஒடிசா மாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் இக்கணக்கில் வரட்டும். அவர்கள் நம் மதத்தவரா என்று கேட்க வேண்டாம். பள்ளி மூடினால் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் ஒருவர் நேரில் கண்டு, தனித்து இரண்டு சொல் பேசி வரட்டும். மறைக்கல்வி ஆசிரியர்களில் இருவராவது, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இதற்கெனப் பயிற்சி பெறட்டும். 1098 என்ற எண்ணும், பள்ளி மாணவர்க்கான 14417 என்ற எண்ணும் ஆலய அறிவிப்புப் பலகையில் திருப்பலி நேரங்களுக்கு மேலே இருக்கட்டும். குழந்தையோடு தனித்திருக்கும் அறையின் கதவு திறந்தே இருக்கவேண்டும் என்ற விதி முதலில் பங்குத் தந்தைக்குப் பொருந்தட்டும், பின்னர் பிறருக்கு. பதினெட்டு நிறையாத பெண்ணுக்குச் சான்றிதழ் கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாமல், அன்றே அவர் வீடு தேடிச் செல்வோம். பசியால் வந்த முடிவென்றால் பசிக்கு வழி செய்வோம். பிடிவாதத்தால் வந்த முடிவென்றால் சட்டத்துக்குச் சொல்வோம். ஏற்கெனவே மணம் முடித்து வைக்கப்பட்ட சிறுமியரையும் கைவிடவேண்டாம். அத்திருமணத்தை நீக்கக் கோரும் உரிமையை, பதினெட்டு நிறைந்து இரண்டாண்டுகள் வரை, சட்டம் அவர்களுக்கு அளிக்கிறது. படிப்பைத் தொடரும் வழியோ எப்போதும் திறந்திருக்கிறது.

பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021 மே 29 அன்று மைய அரசும் மாநில அரசும் உதவித்தொகைகளை அறிவித்தன. பணம் வங்கியில் வளரும். குழந்தை வீட்டில் வளரவேண்டும். அது எந்த வீடு, யாருடைய கையில் என்று பார்த்து வருவது அக்கம்பக்கத்தில் வாழும் நம் பொறுப்பு.

பாரவோன் காலத்தில் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு மருத்துவச்சிகளுக்கு ஆணை வந்தது. சிப்ரா, பூவா என்னும் இருவர் அதற்குப் பணியவில்லை. அந்தப் பாரவோனின் பெயரை விடுதலைப் பயண நூல் குறிப்பிடவில்லை. அவ்விரு பெண்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறது. குழந்தையைக் காப்பாற்றியவர்களின் பெயர்களைக் கடவுள் மறப்பதில்லை.

ஆலய வாயிலில் தலை குனிந்த அச்சிறுமியிடம் நாம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். "வுடுங்க சாமி, உங்க மேல என்ன தப்புங்க" என்றாள். அவள் பெருந்தன்மையால் சொன்னாள். அச்சொல்லை நாம் சாக்காக எடுத்துக்கொள்ள மாட்டோம். அடுத்த முறை ஒரு தந்தை பதிவேட்டின் முன் வந்து நிற்கும்போது, பதிவேட்டை மூடிவிட்டு அவரோடு நாமும் புறப்படுவோம்.